கரடி உருவ கருப்பு பாட்டில்: எந்தக் காலம், எந்த ஊர்?

பல்லாவரம்_வெள்ளி · பதிவு 1

வணக்கம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய பித்தளைச் சாமான்களோடு கலந்து வந்த பாட்டில் இது. விவரம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

உருவம்: பின்னங்கால் நீட்டி உட்கார்ந்த கரடி. முன்னங்கால் இரண்டும் வயிற்றின்மேல் மடிந்திருக்கின்றன. ரோமம் முழுக்கப் புடைப்பு வேலை. தலை உச்சியில் குட்டையான கழுத்து, அதன்மேல் தடித்த வளையம் போல வாய். உயரம் 28 செ.மீ., அடி அகலம் 9.5 செ.மீ., வெறும் பாட்டிலின் எடை 880 கிராம். மேசையில் வைத்துப் பார்த்தால் தார் மாதிரி கருப்பு. எழுத்து, எண், முத்திரை எதுவும் இல்லை. மூடி இல்லை. உள்ளே வெள்ளைப் படலம் இருக்கிறது. விற்றவர் "நவாப் காலத்துச் சரக்கு, 200 வருஷம்" என்றார். படம் 1 முதல் 5 வரை இணைப்பில்.

மூர்மார்க்கெட்_கிளை · பதிவு 2

அருமையான பொருள். படம் 2-ல் கழுத்தருகே காற்றுக்குமிழ் தெரியுது. கனமும் இருக்கு. கண்டிப்பா பழசுதான். கரடிக் கொழுப்பில் செய்த தலைமுடிப் பசையை கரடி உருவ ஜாடியில் விற்றார்கள் இல்லையா, அந்த வகையா இருக்கலாம். 1850 வாக்கில் இருக்கும்.

ஊதுகுழல் · பதிவு 3

கொழுப்புப் பசை ஜாடி இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் அண்ட் சாண்ட்விச் கம்பெனி (1825–1888) செய்த அந்தக் கரடிகள் உள்ளங்கையில் அடங்கும் அளவு. அதோடு பசையை விரலால் எடுக்க வேண்டுமே. அதனால் கரடியின் தலையே மூடியாகக் கழன்று வரும், வாய் அகலமாக இருக்கும். இதில் கழுத்து குறுகல், தக்கை அடைக்கும் வாய். ஊற்றிக் குடிக்கும் ஏதோ ஒன்றுக்கான பாட்டில்.

குமிழும் கனமும் வயதைச் சொல்லாது. சூளையின் சூடு போதாமல் இருந்தாலோ, கண்ணாடிக் குழம்பு தெளிய நேரம் கொடுக்காமல் இருந்தாலோ இன்றைக்கு ஊதும் கண்ணாடியிலும் குமிழ் நிற்கும். கண்ணாடித் தொழில் நடக்கும் பிரோசாபாத்தின் டம்ளரைத் தூக்கிப் பாருங்கள், தெரியும்.

இன்னொன்று. உருவத்தை வைத்து அது என்ன பாட்டில் என்று சொல்லலாம், எப்போது செய்தது என்று சொல்ல முடியாது. நன்றாக விற்ற உருவத்தைத் தலைமுறை தாண்டியும் ஊதுவார்கள். நியூ ஜெர்சியின் பூஸ் விஸ்கி பாட்டில் மரவீடு வடிவம். கூரையில் 1840 என்று பொறித்திருக்கும், ஆனால் அது செய்யப்பட்டது 1860களில். பிறகு 1930களிலிருந்து அதே மாநிலத்தில் கிளெவெஞ்சர் பிரதர்ஸ் அதைத் திரும்ப ஊதி விற்றார்கள். பொறித்த ஆண்டே இப்படி என்றால் எழுத்தே இல்லாத கரடியை முகம் பார்த்துக் கணிப்பது எப்படி? காலம் சொல்வது வாயும் அடியும்தான். கரடியின் முகத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்:

அச்சுக்கோடு, அதாவது அச்சின் துண்டுகள் சேரும் இடத்தில் கண்ணாடியில் விழும் கோடு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? கண்ணால் தேடாதீர்கள், ரோமத்தில் ஒளிந்துகொள்ளும். கட்டைவிரல் நகத்தைக் குறுக்காக இழுத்தால் தட்டும். இரண்டு துண்டு அச்சு என்றால் கோடு பக்கவாட்டில், கைகளின் வெளி ஓரமாக ஏறிக் காது நுனி வழியாகப் போகும்.

அடியில் தழும்பு உண்டா? கரடுமுரடாக, கைபட்டால் கீறுகிற மாதிரி? அல்லது வழுவழுப்பா? வட்டக்கோடு, குறுக்குக்கோடு ஏதாவது?

நிறம்: இருட்டறையில் மொபைல் டார்ச்சைக் கழுத்தோடு ஒட்டிப் பிடியுங்கள். கண்ணாடி மெல்லிதான இடத்தில் என்ன நிறம் கசிகிறது?

பல்லாவரம்_வெள்ளி · பதிவு 4

பார்த்தேன். கோடு இரண்டு, நேர் எதிரெதிர்ப் பக்கம். அடியின் ஓரத்திலிருந்து கை வழியே காது வரை வருகிறது. கழுத்தில் ஏறி, வாய் வளையத்துக்குச் சற்றுக் கீழே காணாமல் போகிறது. வளையத்தின் மேல் கோடு இல்லை.

அடி உள்வாங்கியிருக்கிறது, வழுவழுப்பு. நடுவில் 5 செ.மீ. விட்டத்தில் ஒரு மெல்லிய வட்டக்கோடு. குறுக்கே கோடு இல்லை. நிறம் கத்தரிப்பூ ஊதா! பச்சையோ பழுப்போ இல்லை.

தராசு · பதிவு 5

அடர்த்தியையும் எடுத்துவிடுங்கள், ஈயக்கண்ணாடியா என்ற சந்தேகம் தீரும். 10 கிலோ வரை காட்டும் சமையலறைத் தராசு போதும். அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தராசைப் பூஜ்யமாக்குங்கள். பாட்டிலுக்குள் அந்தப் பாத்திரத்துத் தண்ணீரையே நிரப்பி, குமிழ் ஒன்றுகூட இல்லாமல் தட்டி வெளியேற்றி, நூலில் கட்டிப் படுக்கைவாக்கில் முழுதாக அமிழ்த்துங்கள். அடியிலோ பக்கத்திலோ தொடக்கூடாது, தொட்டால் கணக்கு கெட்டது. நூலைக் கையில் பிடிக்காமல் மேலே ஒரு கம்பியில் கட்டினால் முள் ஆடாது. அப்போது தராசு கூடுதலாகக் காட்டும் கிராம்தான் கண்ணாடியின் கன அளவு. 880-ஐ அதால் வகுக்கணும். 2.5 பக்கம் வந்தால் சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி, 3-ஐத் தொட்டால் ஈயம்.

கொள்ளளவும் வேணும். காலியாக ஒருமுறை, கழுத்தடி வரை தண்ணீரோடு ஒருமுறை நிறுத்தால் போதும். வித்தியாசம் எத்தனை கிராமோ அத்தனை மி.லி.

அடித்தழும்பு · பதிவு 6

கோடு வாய்க்குக் கீழே நின்றுவிட்டது, வளையம் தடிமன். இது வாயைத் தனியாக வைத்து ஒட்டிய பாட்டில். படத்தில் வளையத்தின் கீழ் விளிம்பு வழிந்த மாதிரியும் தெரிகிறது. அடியில் பான்டில் தழும்பு இல்லாததால் 1860-க்குப் பிறகு. ஆகவே 1865–1880 என்பேன்.

அறியாதவர்களுக்கு: ஊதிய பாட்டிலைக் குழலிலிருந்து துண்டித்த பிறகு வாயை முடிக்க வேண்டும். அதற்காக அடியில் ஒட்டவைத்துப் பிடிக்கும் இரும்புத் தண்டுதான் பான்டில். தட்டிப் பிரித்த இடத்தில் உடைந்த கண்ணாடித் தழும்பு நிற்கும். 1850, 60களில் உடம்பைக் கவ்விப் பிடிக்கும் ஸ்நாப் கேஸ் என்ற இடுக்கி வந்ததும் தழும்பு மறைந்தது.

ஊதுகுழல் · பதிவு 7

பான்டில் பற்றிச் சொன்னது சரி. வாய் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம் அண்ணா. கோடு வாய்க்குக் கீழே நிற்பது இரண்டு முறைகளிலும் நடக்கும், இந்தக் கரடியின் காலமே அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

ஒட்டிய வாய்: கழுத்தின் நுனியில் தனிக் கண்ணாடிக் குழம்பைச் சுற்றி வைத்து அழுத்துவது. கழுத்தில் வரும் கோடு வளையத்தின் அடியில் சட்டென்று வெட்டினது போல நிற்கும், ஏனென்றால் அது வளையத்துக்குள் புதைந்து போகிறது. கீழ்விளிம்பு ஒழுங்கில்லாமல் அங்கங்கே வழிந்திருக்கும். முக்கியமாக, உள்ளே விரலை விட்டால் கழுத்தின் பழைய நுனி ஒரு படி மாதிரி தட்டும்.

கருவியால் திருத்திய வாய்: தனிக் குழம்பு கிடையாது. கழுத்தின் நுனியையே மறுபடி சூடாக்கி, நடுவில் முளையும் இரு பக்கம் தாடையும் உள்ள இடுக்கியை உள்ளே விட்டுச் சுழற்றி வாயை உருவாக்குவது. அந்தச் சுழற்சி கோட்டை அழித்துவிடும். ஆனால் சட்டென்று வெட்டாது, வளையத்துக்குச் சில மில்லிமீட்டர் கீழிருந்தே மங்கி மங்கிக் கரையும். வாயைச் சுற்றி இசைத்தட்டில் இருப்பதுபோல மெல்லிய கிடைவரிகள் இருக்கும். உள்ளே படி இருக்காது.

வெள்ளி சார், சுண்டுவிரல் போகாவிட்டால் காது குடையும் பஞ்சுக்குச்சியை உள்சுவரோடு ஒட்டி மேலிருந்து கீழே மெதுவாக இழுங்கள். படி இருந்தால் பஞ்சு மாட்டும். பிறகு டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து வளையத்தின் வெளிப்புறத்தைப் படம் எடுங்கள். காது நுனி, மூக்கு நுனி, பாத நுனி மூன்றிலும் குண்டூசித் தலை அளவு புள்ளிகள் உண்டா என்றும் பாருங்கள்.

பல்லாவரம்_வெள்ளி · பதிவு 8

பஞ்சு மாட்டவில்லை, மூன்று பக்கமும் இழுத்துப் பார்த்தேன். சாய்ந்த வெளிச்சத்தில் வளையத்தைச் சுற்றிக் கிடைவரிகள் தெளிவாக இருக்கின்றன, படம் 7. கோடு வளையத்துக்கு 6 மி.மீ. கீழே மங்க ஆரம்பிக்கிறது. வழிந்த மாதிரி தெரிந்தது வெளியே காய்ந்திருந்த ஏதோ பிசின். வெந்நீர்த் துணியில் வந்துவிட்டது.

இரண்டு காது நுனியிலும் மூக்கிலும் புள்ளி இருக்கிறது. பாதத்தில் இல்லை.

தராசு சார்: அமிழ்த்தும்போது 352 கிராம் கூடியது. கழுத்தடி வரை 610 மி.லி.

தராசு · பதிவு 9

880-ஐ 352-ஆல் வகுத்தால் 2.5. சோடா-சுண்ணாம்பு. ஈயம் இல்லை.

அடித்தழும்பு · பதிவு 10

படம் 7 பார்த்தேன். கருவியால் திருத்திய வாய்தான், நான் சொன்னது தவறு. 1865-ஐத் திரும்பப் பெறுகிறேன். அந்தப் புள்ளிகள் காலத்தை இன்னும் பிந்தையதாக்குகின்றன. ஊதும்போது அச்சின் குழிவான மூலையில் காற்று மாட்டிக்கொண்டால் கண்ணாடி அங்கே போய் நிரம்பாது, காது மொட்டையாகிவிடும். அதற்காக அச்சில் ஊசித்துளை போட்டுக் காற்றை வெளியேற்றினார்கள், துளையின் தடம்தான் புள்ளி. 1880களின் நடுவிலிருந்துதான் பரவலாகக் காண்கிறோம்.

அடியில் உள்ள வட்டக்கோடு, அச்சின் இரு பக்கத் துண்டுகளும் தனியான அடித்தட்டும் சேர்ந்த இடம். 1860களுக்கு முந்திய கீல் அச்சு என்றால் அடியின் குறுக்கே கோடு ஓடும். இங்கே இல்லை.

மயிலை_வாசல் · பதிவு 11

கோடு வாய்க்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு புதுசு என்று ஒரு கணக்குப் படித்திருக்கிறேன். அதன்படி பார்த்தால்?

ஊதுகுழல் · பதிவு 12

அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். கோடு எந்த உயரத்தில் அழிகிறது என்பது அன்றைக்கு அந்தத் தொழிலாளி எவ்வளவு ஆழம் சூடாக்கி எத்தனை முறை கருவியைச் சுழற்றினார் என்பதைப் பொறுத்தது. ஒரே நாளில் ஒரே அச்சில் ஊதின இரண்டு பாட்டில்களில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். கோடு வாய்க்கு மேலேறி விளிம்பைத் தாண்டினால் மட்டும் அர்த்தம் மாறும், அது எந்திரத்தில் செய்தது. ஓவன்ஸின் தானியங்கி எந்திரம் 1903-ல் ஓடத் தொடங்கியது. அதன் அடியில் மையம் விலகிய, ஓரம் பிசிறிய ஒரு வட்ட வெட்டுத்தழும்பு இருக்கும். அதைப் பான்டில் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு, ஏமாற வேண்டாம்.

மூர்மார்க்கெட்_கிளை · பதிவு 13

ஊதா நிறம்னா வெயிலில் மாறினதுதானே? மாங்கனீசு போட்ட கண்ணாடி. அப்போ 1915-க்கு முன்னாடின்னு எடுத்துக்கலாமா?

அடித்தழும்பு · பதிவு 14

அது நிறமில்லாத கண்ணாடிக்கான விதி. மணலில் உள்ள இரும்பின் பச்சையைப் போக்கக் கொஞ்சம் மாங்கனீசு சேர்ப்பார்கள். வெயில் பல வருடம் பட்டால் அது இளம் ஊதாவாகும், நம் மல்லிகைக் கொத்தோடு கட்டும் டிசம்பர் பூ வெளுத்த மாதிரி. முதல் உலகப்போர்க் காலத்தோடு மாங்கனீசு குறைந்து செலினியம் வந்தது, அதனால்தான் 1915 என்ற எல்லை. இந்தக் கரடி அப்படி இல்லை. குழம்பிலேயே அளவுக்கு மேல் மாங்கனீசைக் கொட்டிக் கருப்பாக்கியது. வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதை வைத்து ஆண்டு சொல்ல முடியாது, ஆனால் எந்த ஊர் என்பதற்கு இது உதவும்.

புறஊதா டார்ச்சும் இதில் பயன்படாது. 365 நானோமீட்டர் டார்ச் அடித்தால் மாங்கனீசால் வெளுத்த தெளிந்த கண்ணாடி மங்கிய மஞ்சள்பச்சையாக ஒளிரும். இவ்வளவு அடர்ந்த கண்ணாடி வெளிச்சத்தையே விழுங்கிவிடும்.

மயிலை_வாசல் · பதிவு 15

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். பச்சை நிற மீன் வடிவ பாட்டில், வாய் மேல்நோக்கி, 33 செ.மீ. இதுவும் 1866-ல் காப்புரிமை பெற்ற மீன் கசப்பு மருந்து பாட்டில் என்கிறார்கள். கோடு வாயின் விளிம்பைத் தாண்டிப் போகிறது. அடியில் சுற்றிலும் சிறு புள்ளி வரிசை.

தராசு · பதிவு 16

இல்லை. அந்த அமெரிக்க மீனில் பெயரும் 1866-ம் புடைப்பெழுத்தில் இருக்கும், கோடும் விளிம்பைத் தாண்டாது. அடியில் புள்ளி வரிசை 1940-க்குப் பிந்தைய எந்திர பாட்டில்களின் அடையாளம். சூடான பாட்டில் கன்வேயரில் உரசி விரிசல் விடாமலிருக்க வைத்தது. உங்களுடையது இத்தாலிய ஒயின் மீன். பூ வைக்க அழகாக இருக்கும்.

மயிலை_வாசல் · பதிவு 17

நன்றி. கரடிக்கே வருவோம். கையால் ஊதின போலிகளும் வருகின்றனவே, கிளெவெஞ்சர் மாதிரி. இது பழைய கரடியை அச்செடுத்து ஊதினது இல்லை என்று எப்படி உறுதி செய்வது?

ஊதுகுழல் · பதிவு 18

நல்ல கேள்வி. ஒரே சோதனையில் தீராது, மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் புடைப்பின் கூர்மை. அசலிலிருந்து அச்செடுக்கும்போது ரோமத்தின் பள்ளங்கள் தூர்ந்துவிடும், நகக்கோடுகள் உருண்டுபோகும், மொத்த உருவமும் கொஞ்சம் சுருங்கும். படம் 4-ல் நான்கு நகமும் தனித்தனியாக நிற்கின்றன. வயிற்றுப் பக்கம் மட்டும் மழுங்கல், அது குளிர்ந்த அச்சில் ஊதினாலும் வரும்.

அடுத்தது அடியின் தேய்மானம். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் மாட்டும் 10 மடங்கு லென்ஸ் போதும். பாட்டில் உண்மையில் தரையைத் தொடும் மேடான விளிம்பில் மட்டும் கீறல் இருக்க வேண்டும். நீளமும் ஆழமும் திசையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகக்கூடாது, ஆயிரம் தடவை வெவ்வேறு மாதிரி இழுத்து வைத்ததன் தடம் அது. எல்லாக் கீறலும் ஒரே திசையில் இருந்தாலோ, தரையையே தொடாத குழிக்குள்ளும் இருந்தாலோ உப்புக்காகிதம் தேய்த்தது. சமதளத்தில் கார்பன் தாளின் மை பக்கம் மேலாக வைத்து, அதன்மேல் பாட்டிலை ஒருமுறை திருகினால் தொடும் இடம் எது என்று மையே காட்டிவிடும். அந்த இடமும் தேய்மானமும் பொருந்த வேண்டும்.

மூன்றாவது கழுத்தின் உட்புறம். பல வருடம் தக்கை இருந்த பாட்டிலில் தக்கை நின்ற உயரத்தில் ஒரு மங்கல் வளையம் இருக்கும்.

பல்லாவரம்_வெள்ளி · பதிவு 19

கார்பன் தாள் வைத்தேன். மை பட்டது பின்பக்க விளிம்பிலும் இடது பாதத்தின் குதிகாலிலும் மட்டும், பாட்டில் லேசாகச் சாய்ந்துதான் நிற்கிறது. தேய்மானமும் சரியாக அந்த இரண்டு இடத்தில்தான். வலது குதிகால் புதுசு போலப் பளபளப்பு. கழுத்தில் மங்கல் வளையம் 2 செ.மீ. ஆழம் வரை உண்டு.

ஊதுகுழல் · பதிவு 20

வலது குதிகாலின் பளபளப்புதான் இதில் உயர்ந்த சாட்சி. போலி செய்பவர் இரண்டு குதிகாலையும் தேய்த்திருப்பார்.

இப்போது பெயர். உட்கார்ந்த கரடி, 28 செ.மீ., கருப்பு ஊதா, தலை உச்சியில் வாய்: சேகரிப்பவர்கள் கும்மல் கரடி என்று சொல்லும் வகை. கும்மல் என்பது சீமைச் சோம்பு போட்டு வடித்த இனிப்பு மதுபானம். பால்டிக் கரையில், குறிப்பாக ரீகா பக்கத்து அல்லாஷில் புகழ்பெற்றது, அன்று அது ரஷ்யப் பேரரசு. கரடி என்றாலே ரஷ்யாவின் சின்னம் மாதிரி. மாங்கனீசுக் கருப்பும் இந்தக் கரடிகளில் வழக்கம். சென்னையில் செய்தது இல்லை, நவாபுக்கும் சம்பந்தமில்லை. வெள்ளைக்காரர்களின் மது இறக்குமதியோடு சரக்காக வந்து, காலியானபின் இங்கே தங்கியது என்று நினைக்க இடம் இருக்கிறது.

காலம் 1885 முதல் 1914. மேல் எல்லைக்குக் காரணம்: 1914-ல் போர் தொடங்கியதும் ரஷ்யாவில் மது விற்பனையைத் தடை செய்தார்கள்.

அடித்தழும்பு · பதிவு 21

கீழ் எல்லை சம்மதம். மேல் எல்லையில் மாறுபடுகிறேன். 1918-ல் லாட்வியா தனிநாடானது, கும்மல் வடிப்பது மறுபடி நடந்தது. இன்னொன்று, திருத்திய வாய் 1910களோடு முடிந்தது என்பது அமெரிக்கப் பட்டியல். ஐரோப்பாவில் சிறிய பட்டறைகள் 1920களிலும் வாயால் ஊதின. இந்த மாதிரி குறைந்த எண்ணிக்கைச் சரக்குக்கு எந்திர அச்சு கட்டுப்படியாகாது. நாட்டின் பெயர் பொறிக்காததை வைத்தும் 1891-க்கு முந்தியது என்று சொல்ல முடியாது. 1891 முதல் பெயர் கேட்டது அமெரிக்கச் சட்டம், அதையும் காகித லேபிளில் தீர்த்துக்கொள்ளலாம். ஆகவே 1885–1930.

ஊதுகுழல் · பதிவு 22

நியாயம். போருக்கு முந்தியது என்பது என் சாய்வு, நிரூபணம் இல்லை. 1930 வரை திறந்தே வைப்போம்.

பல்லாவரம்_வெள்ளி · பதிவு 23

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. உள்ளே வெள்ளைப் படலம் மட்டும் உறுத்துகிறது. பாத்ரூம் ஆசிட் ஊற்றலாமா?

தராசு · பதிவு 24

வேண்டாம். அந்த ஆசிட் கண்ணாடியை அரிக்காது, ஆனால் வெளியே பழைய வண்ணமோ பொன்பூச்சோ கொஞ்சம் ஒட்டியிருந்தால் போய்விடும். உருவ பாட்டில்களில் அது அடிக்கடி உண்டு. கண், நக இடுக்குகளை முதலில் லென்ஸில் பாருங்கள்.

நம்ம ஊர் போர்வெல் தண்ணீர் நின்று காய்ந்தால் இதே மாதிரி உப்புப்படலம் கட்டும். வெள்ளை வினிகரில் நனைத்த பஞ்சுக்குச்சியைக் கழுத்துக்குள் ஒரு இடத்தில் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். அந்த இடம் தெளிந்தால் சுண்ணாம்பு. அப்போது வினிகரைப் பாதி நீர் கலந்து ஓர் இரவு நிரப்பி வைத்து, கேன் தண்ணீரில் மூன்று முறை அலசினால் போதும். கரையாமல், நனைந்தால் மறைந்து காய்ந்ததும் திரும்பினால் அது கண்ணாடியின் மேல்தோலே அரித்த நோய். அதை வீட்டில் தீர்க்க முடியாது, விட்டுவிடுங்கள். மணல், அரிசி போட்டுக் குலுக்க வேண்டாம். வெந்நீர் ஊற்றவே கூடாது, தடிமன் ஒரே சீராக இல்லாத உருவ பாட்டில் காதிலோ மூக்கிலோ வெடிக்கும். காய்ந்தபின் தக்கை அடைக்காதீர்கள். கடற்காற்று ஊரில் அடைத்த பாட்டிலுக்குள் ஈரம் தங்கிவிடும்.

மூர்மார்க்கெட்_கிளை · பதிவு 25

வெளிநாட்டில் இதுக்கு நல்ல விலைன்னு கேள்விப்படுறேன். ஏலத்துக்கு அனுப்பலாமே சார்?

அடித்தழும்பு · பதிவு 26

அனுப்பக்கூடாது. 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த கைவினைப் பொருள் தொல்பொருள் ஆகும், எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும். தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. நம் கால எல்லை 1885–1930 என்பதால் இது அந்தக் கோட்டின் இரு பக்கமும் நிற்கிறது, நாமே முடிவு செய்ய இயலாது. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள இந்தியத் தொல்லியல் துறை வட்ட அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது இந்த இழையில் உள்ள அளவுகளும் படம் 7-ம் உதவும்.

பல்லாவரம்_வெள்ளி · பதிவு 27

விற்கும் எண்ணம் இல்லை. வினிகர் சோதனையில் அந்த இடம் தெளிந்துவிட்டது, வெறும் சுண்ணாம்பு. வலது கண் ஓரத்தில் ஊசிமுனை அளவு சிவப்பு வண்ணம் லென்ஸில் தெரிகிறது, அதனால் வெளிப்புறம் தண்ணீர் படாமல் உள்ளே மட்டும் நிரப்பி வைத்திருக்கிறேன். கட்டவிருக்கும் அட்டையில் இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லவும்:

கும்மல் மதுபான பாட்டில், உட்கார்ந்த கரடி. மாங்கனீசுக் கருப்பு, சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. இரு துண்டு அச்சு, தனி அடித்தட்டு, வாயால் ஊதியது, கருவியால் திருத்திய வாய், காதுகளிலும் மூக்கிலும் காற்றுப்புள்ளி. 28 செ.மீ., 880 கி., 610 மி.லி. பால்டிக் பகுதி எனக் கருதப்படுவது. சுமார் 1885–1930.

ஊதுகுழல் · பதிவு 28

ஒரே திருத்தம். தேய்மானம் பின்விளிம்பிலும் இடது குதிகாலிலும் மட்டும் என்பதையும், வலது கண்ணில் சிவப்பு வண்ணம் உள்ளதையும் சேர்த்து எழுதுங்கள். அட்டையை நூலால் கழுத்தில் கட்டுங்கள், பசை வேண்டாம்.